எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், எனக்கு மட்டும் (நாடகம், ராசி பற்றி ஒரு கேள்வி)

மேடைக்கிளி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். பதினொரு பேர், எல்லாரும் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள், சனி ஞாயிறு ஒத்திகை. நான் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் மூன்று முறை மேடை ஏறினோம், மூன்றிலும் ஏதோ ஒரு வில்லங்கம். முதல் தடவை இரண்டாவது காட்சியில் விளக்கு மொத்தமும் அணைந்து பன்னிரண்டு நிமிடம் இருட்டில் நின்றோம். அடுத்த தடவை திரை பாதியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை, அப்போதுதான் செத்துப்போன தாத்தாவின் கால்கள் எழுந்து நடந்து போவதை முதல் வரிசையே பார்த்துக் கைதட்டியது. மூன்றாவதில் அப்பா வேடம் போட்டவர் இடைவேளையில் பக்கப் படியில் சறுக்கிக் கணுக்கால் பிசகி, மீதி நாடகம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே பேசி முடித்தார்.

அன்று ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் "அந்தப் பெண் வந்ததிலிருந்துதான் இப்படி" என்று போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிறு ஒத்திகைக்குப் போனால் வாசலில் ஒரு தட்டு, அதில் எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம். சரி, எல்லாருக்கும் சேர்த்துத்தான் போல என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எனக்கு மட்டும்தான் சுற்றினார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி ஆளுக்கொரு பக்கம் எறிந்ததில் ஒரு பாதி உருண்டு போய் என் ஸ்கூட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது. இயக்குநர் நல்லவர்தான், என்னைவிட இருபது வயது பெரியவர், "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைம்மா, மற்றவர்கள் மனசுக்காக" என்றார். அப்புறம் மெதுவாக, அடுத்த நாடகத்தில் முதல் காட்சியில் நான் வர வேண்டாம், திரை விலகும்போது வேறு யாராவது நிற்கட்டும் என்றார். எனக்கு இருந்த நாலு வசனத்தையும் பக்கத்து வீட்டுக்காரி வேடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இது போதாதென்று வீட்டில் அம்மா. அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில் நான் செத்துக் கிடக்க வேண்டும், மேலே வெள்ளைத்துணி. கல்யாணம் ஆகாத பெண் பிணமாகப் படுப்பாளா என்று ஒரே சண்டை.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? இதற்குப் பின்னால் ஏதாவது விஷயம் இருக்கிறதா, இல்லை சும்மா பயமா? நான் இருப்பதா, விலகுவதா? அறிவுரை வேண்டாம், அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


சும்மா_வந்தவன்:

கரண்ட் போனபோது டிரான்ஸ்பார்மருக்கு எலுமிச்சம்பழம் சுற்றினார்களா?


பழைய_பபூன்:

தாயி, நான் புதுக்கோட்டைப் பக்கம். ஸ்பெஷல் நாடகத்தில் (ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற பாட்டு நாடகம்) முப்பத்தோரு வருடம் பபூன், அதாவது கோமாளி. இப்போது முட்டிவலியால் வீட்டில் இருக்கிறேன், பேரன்தான் இதைத் தட்டெழுதுகிறான், பிழை இருந்தால் அவன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் இல்லாத சாஸ்திரமே கிடையாது. பெட்டியைத் தாண்டக் கூடாது (ஆர்மோனியத்தைத்தான் பெட்டி என்போம்). மிருதங்கத்தின் மேல் கால் படக் கூடாது. சலங்கையைக் கண்ணில் ஒற்றாமல் கட்டக் கூடாது. மேடைப் பலகையைத் தொட்டுக் கும்பிடாமல் ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஆனாலும் ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) ஆனாலும் ஏற மாட்டார்கள். முதலில் பபூன் வருவதற்குக் காரணம் கேட்டால் ஜனங்களைச் சிரிக்க வைத்து உட்கார வைக்க என்பார்கள். எங்கள் வாத்தியார் வேறு சொல்வார்: "ஊர்க் கண்ணு மொத்தமும் முதல் ஆளு மேலதான்டா விழும், உனக்கு என்ன அழகா இருக்கு, வாங்கிக்க!" நான் முப்பத்தோரு வருடம் வாங்கியிருக்கிறேன். முட்டி மட்டும்தான் போயிருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் கதை தெரியுமா உனக்கு? எங்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை ஆசிரியர், 1867-ல் பிறந்து 1922-ல் போனவர், இன்றைக்கும் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறதென்றால் அவர் எழுதிய பாட்டில்தான் நடக்கிறது. அவர் முதலில் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி பயங்கர வேடங்கள்தான் போடுவாராம். ஒரு தடவை எமனாக அவர் போட்ட சத்தத்தில், கூட்டத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது என்பார்கள். இன்னொரு தடவை சனீஸ்வரன் வேடம் கட்டி முடித்து விடியற்காலையில் வேடத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போயிருக்கிறார். துணி துவைக்க வந்த பெண் இருட்டில் அவரைப் பார்த்துப் பயந்து அங்கேயே உயிரை விட்டாளாம். அதோடு நடிப்பதை விட்டுவிட்டு எழுதுவதும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுமாகிவிட்டார் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததோ, வளர்ந்ததோ. ஆனால் கவனி, அந்தக் கதையில் அவர் பழியைத் தன் மேல்தான் போட்டுக்கொள்கிறார். மேளக்காரன் ராசி சரியில்லை என்று அவர் சொல்லவில்லை.

பிணமாகப் படுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அரிச்சந்திர மயான காண்டத்தில் லோகிதாசன் பாம்பு கடித்துச் செத்துக் கிடப்பான். அந்த வேடத்துக்கு எட்டு ஒன்பது வயதுப் பையன்தான். சந்திரமதி மடியில் போட்டு அழ அழ அவன் அசையாமல் கிடக்க வேண்டும், சில சமயம் நிஜமாகவே தூங்கிவிடுவான். காட்சி முடிந்ததும் எங்கள் செட்டில் அவனை யாரும் "எழுந்திரு" என்று சொல்ல மாட்டோம். பேர் சொல்லி, அவனுடைய சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவோம். அவ்வளவுதான் பரிகாரம். பையன்கள் அந்தச் சர்க்கரைக்காகவே சாகத் தயாராக இருப்பார்கள்.

ஒன்று சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எங்கள் செட்டில் ஒரு ஸ்திரீபார்ட் இருந்தது, பெயர் வேண்டாம், குரல் என்றால் அப்படி ஒரு குரல். புருஷன் தவறிப்போன பிறகு, கடவுள் வாழ்த்துப் பாடும்போது அந்தம்மா மேடையில் நிற்கக் கூடாது என்று ஏஜென்ட் சொன்னான். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். ஊரையே சிரிக்க வைக்கிற வாய், அன்றைக்கு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது. அந்தம்மா ஆறு மாதத்தில் தொழிலை விட்டுவிட்டது. உனக்கு எலுமிச்சம்பழம் சுற்றியபோது தரையைப் பார்த்தவர்களைப் பற்றிப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.


மேடைக்கிளி:

ஐயா, அந்தச் சர்க்கரை விஷயத்தை அம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். மற்றதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி.


தேம்ஸ்_கரை:

நான் லண்டனில் இருக்கிறேன், இங்கே ஒரு பொழுதுபோக்கு நாடகக் குழுவில் மேடைச் சாமான் பொறுப்பு. வெள்ளைக்காரர்கள் இதிலெல்லாம் நம்மைவிடப் பெரிய ஆட்கள், கவலையே படாதீர்கள்.

இங்கே அரங்கத்துக்குள் 'மக்பெத்' என்ற ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அதற்கு ஒரு சாபம் இருக்கிறதாம். 'ஸ்காட்லாந்து நாடகம்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். தெரியாமல் சொல்லிவிட்டால் உடனே வெளியே போய், மூன்று சுற்றுச் சுற்றி, துப்பி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்க வேண்டும். நான் கண்ணால் பார்த்தது: ஜனவரி மாதம், ராத்திரி எட்டு மணி, எங்கள் குழுவில் ஐம்பது வயது கணக்காளர் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். குளிரில் மேல்கோட்டுகூட இல்லாமல் கார் நிறுத்துமிடத்தில் சுற்றிவிட்டு, துப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர்கள் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் திறக்கவில்லை. அப்புறம் டீ போட்டுக் கொடுத்தோம். விஷயம் அத்தோடு முடிந்தது.

சாபத்துக்கு ஆதாரமாக ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். 1606-ல் முதல் மேடையேற்றத்தின்போது லேடி மக்பெத்தாக நடிக்க இருந்த பையன் செத்துப்போனான் என்பார்கள். அது 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மேக்ஸ் பீர்போம் என்ற விமர்சகர் குறும்பாகக் கிளப்பிவிட்ட கதை என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1937-ல் ஓல்ட் விக் அரங்கில் லாரன்ஸ் ஒலிவியே மக்பெத்தாக நடிக்க இருந்தபோது மேலேயிருந்து ஒரு கனமான எடைக்கல் விழுந்து நூலிழையில் தப்பினார், அரங்கத்தை நடத்தி வந்த லிலியன் பேலிஸ் அம்மையார் அதே நாடகம் மேடையேற இருந்த சமயத்தில் காலமானார். இது இரண்டும் நடந்ததுதான். 1849-ல் நியூயார்க்கில் அஸ்டர் பிளேஸ் அரங்கில் மக்பெத் நடந்தபோது வெளியே கலவரம், துப்பாக்கிச் சூடு, 20 பேருக்கு மேல் சாவு. ஆனால் அது ஓர் இங்கிலீஷ் நடிகரின் ரசிகர்களுக்கும் ஓர் அமெரிக்க நடிகரின் ரசிகர்களுக்கும் நடந்த சண்டை. நம் ஊர் முதல் நாள் முதல் ஷோ சண்டை தெரிந்தவர்களுக்கு இதற்குச் சாபமெல்லாம் தேவைப்படாது. நாடகமே பாதி இருட்டில் கத்திச்சண்டை, நானூறு வருடமாகப் போடுகிறார்கள். அடிபடாமல் இருந்தால்தான் அதிசயம்.

இதே நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'மகபதி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். சென்னையில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மூன்று சுற்றுச் சுற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சாபத்துக்குக் கடல் தாண்ட விசா கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மேடையில் விசில் அடிக்கக் கூடாது என்பதும் இங்கே உண்டு. காரணம் என்று அவர்கள் சொல்வது எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் மேலேயிருந்து திரைச்சீலைகளைக் கயிற்றில் இறக்கி ஏற்றிய ஆட்களில் பலர் கப்பல்காரர்கள், விசில்தான் அவர்களுக்குச் சைகை. நீங்கள் பாட்டுக்குக் கீழே சீட்டியடித்தால் மேலே இருப்பவன் கயிற்றை விட்டுவிடுவான், அரண்மனை உங்கள் தலையில். நிறத்துக்கும் கதை உண்டு. பிரான்சில் பச்சை ஆகாது, அவர்களுடைய பெரிய நாடகாசிரியரும் நடிகருமான மோலியேர் 1673-ல் மேடையிலேயே சுருண்டு சில மணி நேரத்தில் இறந்தபோது பச்சை உடுத்தியிருந்தார் என்பது ஐதீகம். அவர் அன்றைக்குப் போட்டிருந்தது, நோயே இல்லாமல் நோயாளி என்று புலம்புகிறவன் வேடம்! இத்தாலியில் ஊதா ஆகாது. அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நிறம், அந்த நாற்பது நாளும் ஒரு காலத்தில் நாடகம் கிடையாது, நடிகனுக்குச் சோறும் கிடையாது. இப்படி எதைக் கிளறினாலும் அடியில் வயிறோ உயிரோ இருக்கிறது. ஆனால் இங்கே நான் பார்த்தவரை தோஷம் ஒரு சொல்லுக்கு, ஒரு நிறத்துக்கு, ஒரு விசிலுக்கு. "இந்த ஆள் வந்தால் ஆகாது" என்று எங்கள் குழுவில் கேட்டதில்லை.


கோடம்பாக்கம்_கேட்:

சினிமாவில் அந்தக் கடைசி வரி செல்லாது நண்பரே.

நான் உதவி இயக்குநர், ஒன்பது வருடமாக அதே 'உதவி'. எங்கள் பாஷையில் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டோம், சென்டிமென்ட் என்போம், கேட்க மரியாதையாக இருக்கிறது பாருங்கள். கேமரா வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அஷ்டமி நவமியில் பூஜை கிடையாது, முதல் ஷாட்டில் அழுகை கிடையாது. கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பது எவ்வளவு ஊறிப்போனதென்றால் படப்பிடிப்பு முடிந்ததா என்று கேட்க "பூசணிக்காய் உடைச்சாச்சா?" என்றுதான் கேட்போம். தாலி கட்டும் காட்சியில் மூன்றாவது முடிச்சுப் போடுவதற்குள் கட் சொல்லிவிடுங்கள் என்று கேட்ட நடிகைகளைப் பார்த்திருக்கிறேன். நியாயம்தானே, யார் கண்டது.

மேடைக்கிளி, உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பிணமாக நடிக்கிற காட்சி எடுத்து முடித்ததும், நடித்தவரை எழுந்து உட்காரச் சொல்லி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் ஒரு ஷாட்டாக எடுப்போம். படத்தில் வராது, ஆனால் எடுப்போம். ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், காலையிலிருந்து பாடையில் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். கட் சொன்னதும் டீக்குக்கூடப் போகாமல், "தம்பி, என் சிரிப்பை எடுத்துட்டுப் போயிடு" என்று பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் பல் செட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஷாட்டை எடுக்காமல் பேக்கப் சொல்ல எனக்கு வாய் வராது.

இதெல்லாம் பிரச்சினையில்லை. பிரச்சினை ஆள் மேல் ஏறும்போது. வித்யா பாலனே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், முதலில் ஒப்பந்தமான மோகன்லால் படம் பாதியில் நின்றுபோனதும் ராசியில்லாதவர் என்று முத்திரை குத்தி அடுத்தடுத்த படங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதில் தமிழ்ப் படமும் சேர்த்தி. அப்புறம் இந்தியில் போய்த் தேசிய விருதே வாங்கினார். சுருதி ஹாசனைத் தெலுங்கில் முதல் இரண்டு படம் ஓடவில்லை என்று 'அயர்ன் லெக்' (ராசியில்லாத கால்) என்றார்கள், 2012-ல் 'கப்பர் சிங்' ஓடியதும் அதே ஆட்களுக்கு ராசிக்காரியாகிவிட்டார். இதில் வேடிக்கை, ஓடாத அந்த இரண்டு படத்திலும் கதாநாயகன் ஒரே ஆள். அவர் காலை யாரும் இரும்பா பித்தளையா என்று உரசிப் பார்க்கவில்லை. படம் விழுந்தால் இயக்குநரையாவது திட்டலாம், தயாரிப்பாளரையாவது திட்டலாம், ஆனால் அவர்கள் அடுத்த படத்துக்கும் வேண்டுமே. புதிதாக வந்த பெண்தான் கைக்கு அடக்கம்.

அப்புறம் பூசணிக்காய். நான் வேலை செய்த ஒரு யூனிட்டில் உடைத்ததை நடுரோட்டிலேயே விட்டுவிட்டார்கள். படம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் பிரியாணி வாங்கக் கிளம்பிய புரொடக்‌ஷன் பையன், அதன் மேலேயே வண்டியை விட்டு வழுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. திருஷ்டி கழிந்தது என்றார் மேனேஜர்.


கட்டியக்காரன்_விழுப்புரம்:

எல்லாரும் சிரிக்கிறீர்கள், சரி. நான் நம்புகிறவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கூத்து. திரௌபதி அம்மன் கோயிலில் துகிலுரிதல் போடுகிற ராத்திரி, துச்சாதனன் கட்டுகிறவர் சும்மா போய்ச் சேலையில் கை வைத்துவிட மாட்டார். முதலில் கற்பூரம் ஏற்றி, அம்மா மன்னித்துக்கொள் என்று விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான். சேலை கட்டியிருப்பவர் எங்கள் சித்தப்பா, மீசை எடுத்த முகம், மத்தியானம் என்னோடு மாடு பிடித்துக் கட்டியவர். இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் எனக்குச் சித்தப்பா இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம் பார்த்திருக்கிறேன், நரசிம்மர் முகத்துக்குப் பூஜை நடக்கிறது, அதைக் கட்டுகிறவர் விரதம் இருக்கிறார், ஆவேசம் வந்து இரணியன் மேல் பாய்ந்துவிடாமல் ஆட்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டால் அந்தக் கலையையே தள்ள வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் கருமாதிக்கு 'கர்ண மோட்சம்' போடுவோம். அதையே ஒருவர் காதுகுத்துக்குக் கேட்டார், கர்ணன் பாட்டு அவருக்கு அவ்வளவு பிடிக்குமாம். முடியாது என்று சொல்லி வேறு கதை போட்டோம். இது நம்பிக்கைதான். ஆனால் கட்டுப்பாடு வேடம் கட்டுகிறவனுக்கு அவனே போட்டுக்கொள்வது. விரதம் நான் இருப்பேன், கற்பூரம் நான் ஏற்றுவேன். ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி மற்றவர்கள் தள்ளி நின்றது எந்தச் சாஸ்திரத்திலும் எங்கள் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. சுற்றுவதென்றால் மேடைக்குச் சுற்று, எல்லாருக்கும் சேர்த்துச் சுற்று.


ஸ்பாட்_லைட்:

எனக்கு லைட்டிங் வேலை, கதை தெரியாது. மூன்று கேள்வி. விளக்கு எத்தனை, எத்தனை வாட், எந்த பிளக்கில் மாட்டினீர்கள்? திரை கயிறா மோட்டாரா? அந்தப் பக்கப் படியில் வெளிச்சம் இருந்ததா?


மேடைக்கிளி:

கேட்டு வந்தேன் அண்ணா. ஆயிரம் வாட் விளக்கு நாலு, எல்லாம் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில், அது மேடை ஓரம் இருக்கிற பெரிய பிளக்கில். திரை கயிறு. படியில் வெளிச்சம் கிடையாது, ஒப்பனை அறைக் கதவு திறந்திருந்தால் கொஞ்சம் தெரியும், அன்றைக்குச் சாத்தியிருந்தது.


ஸ்பாட்_லைட்:

அந்தப் பெரிய பிளக் 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் பெருக்கிப் பாருங்கள், 3,680 வாட்தான் தாங்கும். நீங்கள் 4,000 ஏற்றியிருக்கிறீர்கள். முதல் காட்சி முழுக்கத் தாங்கி, சூடாகி, இரண்டாவது காட்சியில் டிரிப் ஆகியிருக்கிறது, பாவம் அதுவும் முயற்சி பண்ணியிருக்கிறது. நாலு விளக்கையும் இரண்டு தனித்தனி லைனில் பிரியுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள், பிளாஸ்டிக் இளகியிருக்கும், முகர்ந்து பாருங்கள்.

திரை மாட்டிக்கொண்டதைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். 1903 டிசம்பர் 30, சிகாகோவில் இரோகுவா தியேட்டர், மேடை விளக்கிலிருந்து பொறி பறந்து துணியில் பிடித்தது, தீயைத் தடுக்க இறக்கிய திரை பாதியில் சிக்கிக்கொண்டது. 600 பேருக்கு மேல் செத்தார்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். உங்கள் திரையில் கப்பியில் எண்ணெய் இல்லை, அல்லது கயிறு பிசிறு விட்டிருக்கிறது. ஐம்பது ரூபாய் வேலை.

படிக்கு ஒரு சின்ன நீல பல்பு போடுங்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, இறங்குகிறவருக்குத் தெரியும். வெளிநாட்டு அரங்கங்களில் எல்லாரும் போன பிறகும் மேடை நடுவில் ஒரே ஒரு விளக்கை எரிய விட்டுப் போவார்கள், பேய்விளக்கு என்று பெயர், பேய்க்கு என்பார்கள். இருட்டில் முதலில் வருகிறவன் மேடையிலிருந்து குப்புற விழாமல் இருக்கத்தான் அது. பேய் பெயரைச் சொன்னால்தான் நம் ஆட்கள் பல்பு வாங்கக் காசு கொடுப்பார்கள் என்றால், அப்படியே சொல்லி வாங்குங்கள்.


சும்மா_வந்தவன்:

ஆக எலுமிச்சம்பழத்தை எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குச் சுற்றியிருக்க வேண்டும்.


மேடைக்கிளி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

விலகவில்லை. அடுத்த ஒத்திகைக்கு நானே ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டியக்காரன் அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன், சுற்றுவதென்றால் பதினொரு பேருக்கும் சேர்த்துச் சுற்றுங்கள், இல்லையென்றால் நான் இதை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று. குரல் நடுங்கியது, அதை மறைக்கக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். யாரும் பேசவில்லை. கணுக்கால் பிசகியவர்தான் முதலில் வந்து என் பக்கத்தில் நின்றார். "என் காலு, நான் பார்த்து இறங்கலை, அவ்வளவுதான்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள், கடைசியாக இயக்குநர். அந்த மெசேஜ் போட்டவர் கையில்தான் தட்டு. முதல் காட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், நாலு வசனத்தில் மூன்று. ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரி விட மாட்டேன் என்றுவிட்டாள், அவளுக்கு அதில் கைதட்டு வரும் என்று நினைப்பு.

எக்ஸ்டென்ஷன் பெட்டியை முகர்ந்து பார்த்தேன் அண்ணா. கருகல் வாடை. விளக்கைப் பிரித்து மாட்டினோம், படியில் நீல பல்பும் போட்டாயிற்று. போன சனிக்கிழமை நாடகம். கரண்ட் போகவில்லை, திரை ஏறி இறங்கியது. மூன்றாவது காட்சியில் காபி டம்ளர் என் கையிலிருந்து நழுவி உருண்டு கீழே முதல் வரிசைக்கே போய்விட்டது, ஒரு மாமா எடுத்து மேடையில் வைத்தார், நாங்கள் பாட்டுக்குத் தொடர்ந்தோம். உள்ளே வந்ததும் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த காட்சிக்கு வேட்டி காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள், மூன்றாவது வரிசை ஓரம். நான் கடைசியில் துணிக்கடியில் கிடந்தபோது மூக்கு அரித்ததைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. திரை இறங்கியதும் நான் எழுவதற்குள் யாரோ பக்கவாட்டில் ஏறி வருகிற சத்தம், நீல பல்பு வெளிச்சத்தில் படி பார்த்துப் பார்த்து. துணியை விலக்கி, என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "வாயைத் திற" என்றாள். குழு மொத்தமும் நின்று பார்த்தது.


பழைய_பபூன்:

சர்க்கரையா, கற்கண்டா?


மேடைக்கிளி:

டைமண்ட் கற்கண்டு ஐயா. அப்புறம் எல்லாருக்கும் கொடுத்தாள். மெசேஜ் போட்டவர் இரண்டாவது தடவையும் கை நீட்டினார்.